நம் வீட்டு நாடக நடிகையின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி?

உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ பாட்டியோ ஒரு காலத்தில் நாடகத்தில் நடித்தவர் என்றால், அவர் வாழ்க்கையை இந்த வருடமே எழுத உட்காருங்கள். பழைய சினிமாவில் கூட்டத்தோடு நின்றவரைக்கூட இன்றைக்கு யாராவது படத்தை நிறுத்திப் பார்த்து, "இவர் இன்னார்" என்று சொல்லிவிடுகிறார்கள். இருபது வருடம் மேடையேறிய நாடக நடிகைக்கு அந்த வழி கிடையாது. படுதா விழுந்ததோடு அன்றைய நடிப்பு போயிற்று. மிச்சம் இருப்பது அவருடைய ஞாபகமும், டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களும்தான்.

என் அத்தை, அப்பாவுக்கு அக்கா, 1960களில் திருச்சியிலிருந்து நாடகத்துக்குப் போய்வந்தவர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்கள் போட்ட நாடகம், ஆபீஸ் ஆண்டு விழா நாடகம், கோயில் திருவிழாவில் ஊர் இளவட்டங்கள் போட்ட சமூக நாடகம், தேவர் ஹாலில் டிக்கெட் நாடகம் என்று எல்லாவற்றிலும் நடித்தார். பிறகு சென்னைக்கு வந்து சபா நாடகங்கள், தூர்தர்ஷன், கடைசியில் மெகா சீரியல்களில் பாட்டி. அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தேன். அந்த வேலையில் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இவர் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண். ஒரு டீச்சரின் வாழ்க்கையை எழுதினால் எந்தப் பள்ளிக்கூடம், என்ன பாடம், என்ன சம்பளம், யார் தலைமையாசிரியர் என்று கேட்போம் இல்லையா? நடிகை என்றதும் அதையெல்லாம் விட்டுவிட்டுக் கஷ்டத்தையும் காதலையும் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். வேலையைக் கேளுங்கள். மற்றதெல்லாம் அதன் வழியாகவே வரும்.

பெட்டியைத் திறந்ததும்

முதலில் காகிதங்கள். நாடக நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, ஆண்டு விழா மலர், ஸ்டூடியோ போட்டோ, வானொலி ஒப்பந்தத் தாள், பாடம் எழுதிய நோட்டு, கால்ஷீட் டைரி, கேடயம் எல்லாவற்றையும் எடுத்துப் பாயில் பரப்புங்கள். எதையும் செலோ டேப் போட்டு ஒட்ட வேண்டாம். பத்து வருடத்தில் பழுப்புக் கறை இறங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, பென்சிலில் எழுதிய கணக்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். அத்தையின் ஒரு நோட்டீஸுக்குப் பின்னால் "அட்வான்ஸ் 15, பாக்கி 25, பஸ் 3" என்று எங்கள் பாட்டி எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு வரி எனக்கு முன்பக்கத்தைவிட அதிகம் சொன்னது.

நோட்டீஸில் பெரும்பாலும் வருடம் இருக்காது. "நாளது பங்குனி மாதம் 22ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு" என்று மட்டும் இருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது போதும், நமக்குப் போதாது. ஆனால் கொஞ்சம் பொறுமை இருந்தால் வருடத்தைப் பிடித்துவிடலாம். இந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

டிக்கெட் விலையைப் பாருங்கள். "50 ந.பை." என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964க்கும் நடுவில் அச்சடித்தது. 1957ல்தான் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. 1964ல் "நயா" போய் வெறும் பைசா ஆயிற்று. முகவரியைப் பாருங்கள். "மதராஸ்-17", "திருச்சி-8" என்று ஓர் எண்ணோ இரண்டு எண்ணோ மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது. அந்த வருடம் ஆகஸ்ட் 15 அன்றுதான் ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. மாநிலத்தின் பெயர் மதராஸிலிருந்து தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று. அரசு ஆபீஸ், வாரியம் ஏதாவது நடத்திய நாடகமானால் நோட்டீஸில் அந்தப் பெயர் உதவும்.

எழுத்தையும் பாருங்கள். லை, னை, ணா, றா போன்றவற்றின் பழைய வடிவம் மாறி இப்போது நாம் எழுதும் வடிவத்தை அரசு ஏற்றுக்கொண்டது 1978ல். பெரியாரின் பத்திரிகைகள் அதற்கு வெகுகாலம் முன்பே புது எழுத்துக்கு மாறிவிட்டன. அதனால் திராவிடர் கழக நாடக நோட்டீஸுக்கு இந்தச் சோதனை உதவாது. ஊர் அச்சகத்துச் சாதாரண நோட்டீஸில் புது எழுத்து இருந்தால் 1978க்குப் பிறகு என்று நம்பலாம். பழைய எழுத்து இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். சின்ன அச்சகங்கள் கையில் இருந்த ஈய எழுத்தை வைத்தே பல வருடம் ஓட்டின.

இனி கிழமை. மேலே சொன்ன நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். பங்குனி 22 என்றால் ஏப்ரல் 4 அல்லது 5. அத்தை நடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஏப்ரல் 4 வெள்ளியாக வந்தது 1969லும் 1975லும். ஏப்ரல் 5 வெள்ளியாக வந்தது 1963, 1968, 1974. ஆக ஐந்தே வருடம். விலையில் "ந." இல்லை என்பதால் 1963 போயிற்று. முகவரியில் பின்கோடு இல்லை என்பதால் 1974, 1975 அநேகமாக இல்லை. மிச்சம் 1968, 1969. அந்த இரண்டு வருடத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எதில் பங்குனி 22 வெள்ளியில் விழுகிறது என்று பார்த்தால் முடிந்தது. பழைய பஞ்சாங்கம் கோயில் குருக்கள் வீட்டிலோ ஜோசியரிடமோ கிடைக்கும். கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் கொடுப்பார்கள்.

வீட்டில் காகிதமே இல்லை என்றால் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து உருவான நூலகம் அது. புத்தகம், பத்திரிகையோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் எல்லாம் அவர் சேர்த்திருந்தார். நாடகத்தின் பெயரும் ஊரும் தெரிந்துகொண்டு போனால் தேடுவது சுலபம்.

என்ன நாடகம் என்று பிரித்துக் கேளுங்கள்

"நாடகத்தில் நடித்தேன்" என்று அவர் சொல்வதற்குள் மூன்று நான்கு வேறு வேறு வேலைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேறு.

மதுரை, புதுக்கோட்டை பக்கத்து ஸ்பெஷல் நாடகமா? சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. அங்கே ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், டான்ஸ் எல்லோரையும் தனித்தனியாகத்தான் பேசிக் கூட்டிப்போவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் என்றால் விடிய விடிய தர்க்கம், அதாவது பாட்டும் பேச்சுமாக வாதம், நடக்கும். அந்த வழியில் வந்தவரிடம், "எத்தனை கட்டையில பாடுவீங்க? எந்த ஆர்மோனியக்காரர் வந்தா உங்களுக்குத் தைரியம்? எந்த ராஜபார்ட்டோட தர்க்கம் பண்ணப் பயம்?" என்று கேளுங்கள். முகமே மாறிவிடும்.

ஊர்த் திருவிழா சமூக நாடகம் வேறு மாதிரி. ஆண் வேஷம் எல்லாம் ஊர்ப் பையன்கள். பெண் வேஷத்துக்கு மட்டும் திருச்சி, மதுரை, கரூர் மாதிரி ஊர்களிலிருந்து நடிகையைக் கூட்டிப்போவார்கள். வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்து, பாடம் எழுதிய நோட்டையும் தந்துவிட்டுப் போவார்கள். அன்று மத்தியானம் போய் இறங்கி, பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ ஒரே ஒரு ஒத்திகை. ராத்திரி பத்து மணிக்கு மேல் நாடகம். நடுவில் நாடகத்தை நிறுத்தி, மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு கொடுப்பார்கள். பையன்கள் இரண்டு மாதமாக ஒத்திகை பார்த்திருப்பார்கள், இவருக்கு அரை நாள். ஆனாலும் மேடையில் யார் தடுமாறினாலும் காப்பாற்றுவது இவர் பொறுப்பு. எத்தனை பெரிய திறமை இது! "ஹீரோ வசனம் மறந்துட்டா என்ன செய்வீங்க?" என்று நான் கேட்டதற்கு அத்தை, "அவன் கேட்க வேண்டிய கேள்வியையும் நானே கேட்டுக்கிட்டு, பதிலையும் நானே சொல்லிருவேன். 'நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன் லேட்டுன்னுதானே?' அப்படின்னு ஆரம்பிச்சா அவனுக்கு ஞாபகம் வந்துரும்" என்றார். இது மாதிரி ஒரு பதில் கிடைத்தால் அப்படியே எழுதுங்கள். ஒரு நடிகையின் கலை என்ன என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இங்கே கேட்க வேண்டியவை எல்லாம் ரொம்ப நடைமுறையானவை. துணைக்கு யார் வந்தார்கள்? எங்கே சேலை மாற்றினீர்கள்? சாப்பாடு யார் வீட்டில்? விடிகாலை பஸ் வரும்வரை எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? பணம் எப்போது கைக்கு வந்தது? எங்கள் பாட்டி துணைக்குப் போவார். கடைசி சீனுக்கு முன்னால் பாக்கிப் பணம் வந்தாக வேண்டும், அதுவரை அவர் சைடு படுதாவை ஒட்டி நகராமல் உட்கார்ந்திருப்பாராம். விடிந்த பிறகு கேட்டால் கமிட்டிக்காரர்கள் யாரையும் பிடிக்க முடியாது என்பது அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

சென்னை சபா நாடகம் மூன்றாவது வகை. அங்கே குழுக்களில் ஆண்கள் பெரும்பாலும் பாங்க்கிலோ அரசு ஆபீஸிலோ வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு நடித்தவர்கள். பெண்களில் பலர் ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ஒரே சமயத்தில் நாலைந்து குழுக்களில் நடித்தவர்கள். அதனால் ஒரு நடிகையின் வாழ்க்கை பல குழுக்களின் வரலாற்றில் சிதறிக் கிடக்கும். 1952ல் தொடங்கிய யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்), 1954ல் தொடங்கிய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற பெரிய குழுக்களைப் பற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள். சின்னக் குழுக்களைப் பற்றி எழுத ஆளில்லை. மலர்களில் எழுதியவர், இயக்கியவர், கதாநாயகன் பெயர் பெரிதாக இருக்கும்; கதாநாயகி பெயர் "மற்றும்" என்பதற்குப் பிறகு வரும். அதற்காக மலரைத் தூக்கிப் போடாதீர்கள். குழுவில் நடித்த ஆண்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்க்கக் கேளுங்கள். அத்தையின் நல்ல மேடைப் படங்கள் இரண்டும் அப்படி ஒரு ரிட்டயர்டு பாங்க் அதிகாரி வீட்டு ஆல்பத்திலிருந்துதான் வந்தன.

பெயரையும் கவனியுங்கள். நடிகைகளுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். 1937ல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாதான் மேடையில் மனோரமா ஆனார். சுந்தரராஜனுக்கு மேஜர், ராமமூர்த்திக்குக் காத்தாடி என்பதெல்லாம் நாடகப் பாத்திரங்களிலிருந்து ஒட்டிக்கொண்டவை. உங்கள் வீட்டு நடிகைக்கும் ஒரு குழுவில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு இனிஷியல், நோட்டீஸில் ஊர்ப் பெயர் சேர்த்து ஒன்று என்று இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

மனோரமாவைச் சொன்னதால் இன்னொன்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து கின்னஸில் இடம்பெற்றவர் அவர், முதல் படம் 1958ல் வந்த மாலையிட்ட மங்கை, 2002ல் பத்மஸ்ரீ, 2015ல் மறைந்தார். சினிமாப் பக்கம் இத்தனை துல்லியமாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் பள்ளத்தூரில் சிறு பெண்ணாக மேடையேறிய காலத்தைப் பற்றிப் பேச வந்தால், அவரே பேட்டிகளில் சொன்னதைத்தான் எல்லோரும் திரும்பச் சொல்கிறோம். அவ்வளவு பெரிய நடிகைக்கே மேடைக் காலம் வாய்ப்பேச்சில்தான் தங்கியிருக்கிறது என்றால், நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் எழுதாமல் யார் எழுதுவார்கள்?

பேச வைப்பது

போனிலேயே ரெக்கார்ட் பண்ணலாம். ஃபேனை நிறுத்துங்கள், போனை மடித்த துண்டின் மேல் வையுங்கள், குக்கர் விசில் அடிக்கும் நேரத்தை விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வயதானவர்கள் களைத்தாலும் சொல்ல மாட்டார்கள்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் பேட்டியில் பேசுவதுபோல் பேசுவார்கள். எல்லாம் நல்லவர்கள், எல்லாம் இறைவன் செயல். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். சவுரி, பழைய கண்ணாடி, பவுடர் டப்பா எது இருந்தாலும் சரி. மேக்கப் பற்றிக் கேட்டபோது அத்தை முத்துவெள்ளை என்ற வெள்ளை மேக்கப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைப்பதைக் காட்டுவதற்காக உள்ளங்கையைக் குவித்து, மோதிர விரலால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். கையில் ஒன்றும் இல்லை. எவ்வளவு சிவப்பு சேர்க்க வேண்டும், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு எவ்வளவு, டியூப் லைட்டுக்கு எவ்வளவு என்று விரல் தானாகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

அதைவிட நல்ல வழி, வசனத்தை எடுத்துக் கொடுப்பது. பாடம் எழுதிய நோட்டு இருந்தால், எதிர் பாத்திரத்தின் வசனத்தை நீங்கள் படியுங்கள். அத்தைக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். காலை என்ன சாப்பிட்டார் என்பது சில நாள் நினைவிருக்காது. நோட்டைப் பார்த்து, "இந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது?" என்று நான் வாசித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, இடதுபக்கமாக இரண்டடி நடந்து, நின்று, பிறகு பதில் வசனத்தைச் சொன்னார். முழுப் பத்தி. "ஏன் அத்தை அங்க போனீங்க?" என்றேன். "மைக் அங்கதானே தொங்கும்" என்றார். சபா மேடைகளில் மேலிருந்து மூன்று நான்கு மைக் தொங்கும். முக்கியமான வசனத்துக்கு அதன் அடியில் போய் நின்றாக வேண்டும், அதுவும் போனது தெரியாமல் போக வேண்டும். நாடக நடிகை கற்றுக்கொண்ட பெரிய வித்தைகளில் அது ஒன்று. நான் எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இது பதிலாக வந்திருக்காது. இந்த மாதிரி சமயத்தில் வீடியோவும் எடுத்து வையுங்கள். உடம்பு வைத்திருக்கும் ஞாபகம் எழுத்தில் பாதிதான் வரும்.

கூட நடித்த இன்னொரு அம்மாவைக் கூட்டிவர முடிந்தால் கூட்டிவாருங்கள். காபி கொடுத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். ஒருவர் "அது மழை பெஞ்சு கலைஞ்ச நாடகம்" என்பார், மற்றவர் "அது மணப்பாறை, இது துறையூர்" என்பார். அந்தச் சண்டையில் தேதி, ஊர், சம்பளம் எல்லாம் வந்துவிழும். இரண்டு பேர் சொல்வதும் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்று போட்டு.

"ஆயிரம் மேடை கண்ட" என்று நோட்டீஸ்களில் போடுவது வழக்கம். அதை அப்படியே எடுத்துப் போடவும் வேண்டாம், பொய் என்று தள்ளவும் வேண்டாம். தை முதல் ஆடி வரை எத்தனை ராத்திரி போனார், அப்படி எத்தனை வருடம் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆயிரத்தைத் தாண்டிப் போவதும் உண்டு.

டி.வி. காலம்

சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. செவ்வாய்க்கிழமை நாடகத்துக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடியதை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சபா நாடகக்காரர்கள் பலருக்கு முதல் டி.வி. அனுபவம் அதுதான். அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம், பழையதை அழித்து அதன்மேல் பதிவது எங்கும் நடந்தது. அதனால் ஒளிப்பதிவு கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒப்பந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சியின் பெயர், தேதி, தொகை எல்லாம் அதில் இருக்கும். வானொலி நாடகத்துக்கும் அப்படித்தான். திருச்சி வானொலி 1939லிருந்தே இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்து நடிகைகள் பலரும் அங்கே குரல் கொடுத்தவர்கள்.

மேடையிலிருந்து கேமராவுக்கு வந்தபோது எதை மாற்றிக்கொண்டார் என்று தவறாமல் கேளுங்கள். அத்தை சொன்னது: "மேடையில கடைசி வரிசைக்கு அழணும். இங்க கண்ணுக்கு மட்டும் அழணும். அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு."

1993ல் சன் டி.வி. வந்து, 1999ல் சித்தி, 2002ல் மெட்டி ஒலி என்று மெகா சீரியல் வேரூன்றிய பிறகு வயதான நாடக நடிகைகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. மேடை வாய்ப்பு வற்றிப்போன காலத்தில் மாதத்தில் சில நாள் கால்ஷீட், நாள் சம்பளம், மத்தியானச் சாப்பாடு, வீட்டு வாசலுக்கு வண்டி. பல பெண்கள் அதில்தான் பேரப்பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். "சீரியல்தானே" என்று நீங்கள் ஒதுக்கினால், அவருடைய வாழ்க்கையில் நிம்மதியாகச் சம்பாதித்த ஒரே காலத்தை ஒதுக்கிவிடுவீர்கள்.

இந்தக் காலத்துக்கு மிக நல்ல ஆதாரம் கால்ஷீட் டைரி. சீரியலில் சேலை, நகை பெரும்பாலும் நடிகை தானே கொண்டுபோக வேண்டும். ஒரே சீனைப் பாதி இன்றைக்கும் மீதி பத்து நாள் கழித்தும் எடுப்பார்கள், அன்று கட்டிய அதே சேலை வேண்டும். அதனால் அத்தை டைரியில் இப்படி எழுதுவார்: "வளசரவாக்கம் வீடு. மாம்பழக் கலர் சுங்குடி, பச்சை ரவிக்கை, சின்ன ஜிமிக்கி, விபூதி உண்டு. கோயில் சீன் பாக்கி." கன்டினியூட்டிக்காக எழுதியது, இன்றைக்கு நமக்கு வரலாறு. எந்த வீடு, எந்தச் சீரியல், எத்தனை நாள், எந்தப் பணம் வரவில்லை என்று எல்லாம் அதில் இருக்கிறது. டைரி இருந்தால் அதை வரிக்கு வரி தட்டச்சு செய்யுங்கள்.

கேட்க வேண்டியவை: பாத்திரத்தின் பெயர் என்ன, யாருக்கு என்ன உறவு? அந்த டிராக் எப்படி முடிந்தது, போட்டோவுக்கு மாலை போட்டார்களா, ஊருக்கு அனுப்பினார்களா? திரையில் கேட்டது உங்கள் சொந்தக் குரலா, டப்பிங்கா? இது முக்கியம். உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று வசனத்தை உரக்கச் சொல்லச் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்லி நடிப்பதுதான் அங்கே பெரும்பாலும் வழக்கம். அத்தை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மேக்கப் போடும்போதே பேப்பரை வாங்கி மனப்பாடம் செய்துவிடுவார். "எனக்குப் பிராம்ப்ட் வேணாம் தம்பி, நீங்க எதிர்ல நிக்கிற பொண்ணுக்குச் சொல்லுங்க" என்பாராம். நாடகக்காரர் என்ற பெருமை அவருக்கு அங்கேதான் இருந்தது.

எழுத வேண்டியதும் வேண்டாததும்

கஷ்டமான பேச்சு வரும். எங்கள் வீட்டில் அத்தையைக் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அதே வீட்டிலிருந்து பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆள் வரும். அவர் கொடுப்பார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. பேரு மட்டும் போடாதே, அவங்க பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க" என்றார். அப்படியே செய்தேன். வேறு ஒரு விஷயத்துக்கு, "அதை நிறுத்துடி" என்று போனைக் காட்டினார். நிறுத்தினேன். அது புத்தகத்தில் இல்லை, இருக்கவும் கூடாது. வாழ்க்கை அவருடையது. யாரோடு வாழ்ந்தார், குழந்தைக்கு இனிஷியல் என்ன, என்ன சாதி என்பதையெல்லாம் அவராகச் சொன்னால் கேளுங்கள்; நீங்கள் தோண்டாதீர்கள். வேலை இடத்தில் நடந்த அத்துமீறலைச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எதை, எவ்வளவு, யார் பெயரோடு எழுதுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும், அதுவும் அன்றைக்கே வேண்டாம், சில நாள் கழித்து.

எழுத உட்காரும்போது முதலில் வருட அட்டவணை போடுங்கள். இடதுபக்கம் வருடம், பக்கத்தில் ஊர் அல்லது குழு, நாடகம், வேஷம், சம்பளம், ஆதாரம். ஆதாரக் கட்டத்தில் "நோட்டீஸ்", "டைரி", "அவர் சொன்னது" என்று தெளிவாகப் போடுங்கள். உறுதியில்லாத வருடத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போதும். அட்டவணை நிரம்பிய பிறகே கதையை எழுதத் தொடங்குங்கள்.

நடை அவருடைய பேச்சாகவே இருக்கட்டும். "பார்ட்டு", "சீன் செட்டு", "டச்சப்" என்று அவர் சொன்னால் அதையே எழுதுங்கள். "அரங்க அமைப்பு" என்று நாம் திருத்தினால் அந்த வாக்கியத்தில் அவர் இருக்க மாட்டார். எழுதியதைப் பகுதி பகுதியாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போதுதான் மறந்துபோன ஊரும் ஆளும் நினைவுக்கு வரும், அதற்காகவே ஓரத்தில் நிறைய இடம் விட்டு பிரிண்ட் எடுங்கள்.

போட்டோக்களுக்கு இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் மென்மையான பென்சிலில் லேசாக எழுதலாம்; பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். அவருக்குப் பெயர் தெரியாதவர்களை "ஆர்மோனியம் வாசித்தவர்", "லைட் போட்ட பையன்" என்றாவது குறியுங்கள்.

சேர்த்த காகிதங்களின் நகலை வைத்து இன்னொரு வேலையும் ஆகும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக, நலிந்த நிலையில் இருக்கும் வயதான கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி உண்டு. விண்ணப்பிக்கும்போது கலைப்பணிக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கும். பல நடிகைகள் அந்த இடத்தில்தான் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். நோட்டீஸ், ஒப்பந்தத் தாள், மலரில் வந்த பெயர் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, மேலே உங்கள் வருட அட்டவணையை வைத்துக் கொடுங்கள். மேடைப் பெயரும் ஆதார் அட்டைப் பெயரும் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன கடிதம் தேவை என்று மன்றத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததைப் பெரிய புத்தகமாகப் போட வேண்டும் என்றில்லை. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் செய்தாலும் போதும். ஒரு பிரதி அவருக்கு, ஒன்று வீட்டுக்கு, ஒன்று உங்கள் மாவட்ட மைய நூலகத்துக்கு, ஒன்று கூட நடித்தவர்களில் உயிரோடு இருப்பவருக்கு. மூலக் காகிதங்களை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஸ்கேன் பண்ணியதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.